கழுத்துக்கு அளந்த மணிமாலை

அளந்து செய்தால் பிழை வராது என்று இன்றும் நம்புகிறேன். எதை அளப்பது என்பதில்தான் ஒருமுறை சறுக்கிவிட்டேன்.

வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்மாடி ஃபிளாட்டில் இருப்பவர் என் கணவரின் அக்கா, கமலா மச்சாள். மகனின் கலியாணத்துக்கு மயில்நீலச் சேலை எடுத்திருந்தார். "பாங்க் லொக்கரில இருந்து தங்க அட்டியலை எடுக்காதேங்கோ மச்சாள். சேலைக்குப் பொருத்தமா நான் மணிமாலை பின்னித்தாறன்" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

மணி குரோஷேயில் முதலில் எல்லா மணிகளையும் நிற வரிசைப்படி நூலில் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு தையலுக்கு ஒரு மணியாக இழுத்துவிட்டுப் பின்னினால் உருண்டையான கயிறு வளரும். ஒரு மணி மாறினாலும் கோலம் கோணிவிடும். என்னுடையது கோணவில்லை. கொளுக்கி வைத்தால் அழகு கெடும் என்று இரு நுனிகளையும் சேர்த்தே தைத்தேன். தைத்த இடம் எனக்கே தெரியவில்லை, அவ்வளவு துப்புரவு!

கலியாண நாள் காலை. மண்டபத்துக்குப் போக வந்த வான் கீழே நின்று ஹோர்ன் அடிக்கிறது. மாலையை மச்சாளின் தலைக்கு மேலால் போட்டேன். உச்சியிலேயே நின்றுவிட்டது.

"என்னப்பா, இறங்குதில்லை?"

"கழுத்தளவு சரி மச்சாள்."

"கழுத்துக்கு மேல தலையொண்டு இருக்கெல்லே!"

"தைச்ச இடத்தில வெட்டிப்போட்டு, கழுத்தில வைச்சுத் தையுமன்" என்றார் என் கணவர், வாசலில் நின்றபடி.

எந்த இடத்தில்? விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அகப்படவில்லை. கண்ட இடத்தில் வெட்டினால் பின்னல் அவிழ்ந்து மணி கொட்டும்.

மச்சாளின் கண் கலங்கியது. "சம்பந்தி ஆக்களுக்கு முன்னால வெறும் தாலிக்கொடியோடயோ நிக்கிறது? இண்டைக்கு ஞாயிறு, பாங்கும் பூட்டு."

நான் தளரவில்லை. மாலையை இரண்டு சுற்றாக மடக்கி அவர் கொண்டையில் மாட்டினேன். கச்சிதம்! "பாருங்கோ, கொண்டைக்கெண்டே செய்தது மாதிரி."

மச்சாள் கண்ணாடியில் கொண்டையைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வடிவுதான். இப்ப உம்மட அட்டியலைக் கழட்டும்."

மண்டபத்தில் சம்பந்தி அம்மா கொண்டையைப் பார்க்கவேயில்லை. நேரே அட்டியலுக்கு வந்தார். "நல்ல வேலைப்பாடு. எங்க செய்வித்தது?"

"வசந்தி தந்தவ" என்றார் மச்சாள், என்னைக் காட்டி. "தந்தவ" என்பதை அழுத்திச் சொன்னார்.

அட்டியல் இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறது. கேட்டால், "என்ர கழுத்துக்கு மாலை வந்து சேரட்டும்" என்கிறார். கொளுக்கி வைத்து மூன்று மாலை பின்னிக் கொடுத்துவிட்டேன். மூன்றையும் மச்சாள் கொண்டையில்தான் போடுகிறார்.