பன்னிரண்டாம் இடத்து மனேஜர்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மருமகன் ராகுலனுக்கு,

மாமா நவரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமி, மகள் ஆரணி மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். ஒசாக்காவில் உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. வயதுபோன மாமனைப் பொறிக்குள் மாட்டிவிட்டு, மூன்று மாதப் பயிற்சி என்று பிளேன் ஏறினவன் சுகமாகத்தான் இருப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் கையால் எழுதுகிறேன். ஆரணி படம் பிடித்து அனுப்புவாள். முழுக்க வாசி.

"எங்கட கந்தோருக்கு யப்பானிலையிருந்து பன்னிரண்டு எஞ்சினியர்மார் வந்திருக்கினம் மாமா. கந்தோருக்குள்ளையே வைச்சுக் காலமை ஒரு மணித்தியாலம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாச் சரி. முப்பத்தாறு வருசம் படிப்பிச்ச உங்களுக்கு இது தண்ணிபட்ட பாடு" என்று சொன்னாயே, அந்த வாய்க்குச் சீனி போடவேணும். வருகிற இருபத்திநாலாம் தேதி உங்கள் டைரக்டர் ஒசாக்காவிலிருந்து வந்து இவர்கள் கதைப்பதைக் கேட்பாராம், கதைக்க ஏலாதவர்களைப் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆட்களைப் போடுவாராம் என்பதை நீ சொல்லவேயில்லை. அதை நான் உங்கள் கந்தோரில் அலுவலக நிர்வாகம் பார்க்கும் பிள்ளை றுஷ்னாவிடம்தான் கேட்டு அறிந்தேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளையாவது இங்கிலீஷில் பெயில் என்று இதுவரை சரித்திரம் இல்லை. இப்போது ஒரேயடியாகப் பன்னிரண்டு பேர்.

முதல் நாள் பம்பலப்பிட்டியில் அந்த ஒன்பதாம் மாடிக்குப் போய், கோட்டுப் போட்ட பன்னிரண்டு பேரையும் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன். இதைவிடச் சின்னக் கேள்வி உலகத்தில் உண்டா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் முன்வரிசையில் இருந்த மனேஜர் ஹிராமட்சுவைப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, நல்ல மனிதர், ஆனால் இங்கிலீஷ் அவருக்குக் கிட்டவும் வராது. அவர் கண்ணை மூடி யோசித்தார். ஜன்னலுக்குக் கீழே காலிப் பக்கம் ஒரு ரெயில் போய், மருதானைப் பக்கம் இன்னொன்றும் வந்துவிட்டது. கடைசியில் "பாண்" என்றார், ரொட்டிக்கு அவர்கள் பாஷையிலும் அதுதான் பேராம். உடனே மற்றப் பதினொரு பேரும் வரிசையாகப் பாண், பாண், பாண். அடுத்த நாள் அவர் மீன் என்றார், பதினொரு பேரும் மீன். சரி, எல்லாரும் ஒரே சட்டியில் சமைக்கிறார்கள் போல என்று நானும் விசரன் மாதிரி நம்பினேன்.

வகுப்புத் தொடங்கி மூன்றாம் கிழமையில் ஒருநாள் ஹிராமட்சு தண்ணீர்க் குழாய் பதிக்கிற இடத்தைப் பார்க்க ஹெந்தளைக்குப் போய்விட்டார். அன்றைக்கு, ஐயோ ராகுலன், அந்தப் பதினொரு பேரும் குழாய் வெடித்தது போலக் கதைத்தார்கள். நிஷிகாவா என்கிற சின்னப் பெடியன், நான் காலி வீதியைக் கடக்கிற விதம் ஆபத்தானது என்று எனக்கே பத்து நிமிசம் புத்தி சொன்னான், அதுவும் ஒரு பிழை இல்லாத இங்கிலீஷில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு தெரிந்துகொண்டா இத்தனை நாளும் பாண் தின்றீர்கள்?

ஹிராமட்சு திரும்பி வந்த உடனே ஒரு பரீட்சை வைத்தேன். அவரும் எழுதினார். ஒருவர் தாளை ஒருவர் பார்க்க ஏலாதபடி மூலைக்கு ஒருவராக இருத்தினேன். நிஷிகாவா தொண்ணூற்றுநாலு, முதலாம் இடம். ஹிராமட்சு பத்தொன்பது, பன்னிரண்டாம் இடம். பரீட்சை வைத்தால் பெறுபேறு ஒட்டவேணும், அதுதானே முறை? முப்பத்தாறு வருசமாக நான் செய்ததையே செய்தேன். பெயர், புள்ளி, இடம் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.

றுஷ்னா ஓடிவந்தாள். "சேர், என்ன வேல பார்த்து வெச்சீக்கிறீங்க? மேல மாடி கீழ மாடி எல்லாரும் கண்டுட்டாங்க. இவங்க பெரியவர முந்திக்கிட்டு வாயே தொறக்க மாட்டாங்க. நீங்க அவரக் கடைசில போட்டு ஒட்டியீக்கிறீங்களே!"

"கடைசியிலை வந்தவரைக் கடைசியிலை போடாமல், பிள்ளை, நடுவிலையோ போடுறது?" என்று கேட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்ப் பார்த்தால் தாளைக் காணவில்லை, யாரோ கழற்றிவிட்டார்கள்.

நேற்று முன்தினம் இரண்டாம் பரீட்சை. இப்போது கேள். ஹிராமட்சு இருபத்தொன்று. அவருக்கு அடுத்தவர் இருபது. அதற்கு அடுத்தவர் பத்தொன்பது. அப்படியே படி இறங்கி, கடைசியில் நிஷிகாவா, தொண்ணூற்றுநாலு எடுத்தவன், பத்து! தவறிக்கூட ஒரு சரியான விடை கூடுதலாக விழவில்லை. இவ்வளவு கணக்காகப் பிழை விடுவதற்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேணும் என்று யோசித்துப் பார். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, டைரக்டருக்கு முன்னாலும் இப்படித்தானா?" என்று கேட்டேன். குனிந்து வணங்கினான். திட்டினேன், இன்னும் கொஞ்சம் குனிந்தான். குனிகிறவனை எப்படித் திட்டுவது, எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டில் உன் மாமி, "அவையள் மரியாதை தெரிஞ்ச சனம். உங்களுக்குத்தான் ஆரையும் கடைசியிலை போடாட்டில் நித்திரை வராது" என்கிறாள். இந்தக் கதையை இந்த வயதில் நான் கேட்கவேணுமா? போதும் ராகுலன். நாளைக்கு என்னை ஏற்றக் கந்தோர் வான் வந்து ஹோர்ன் அடித்தாலும் நான் இறங்கமாட்டேன். என் விலகல் கடிதத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். நீயே டைரக்டரின் கையில் கொடுத்துவிடு. இருபத்திநாலாம் தேதி என் பேர் நாறுவதைப் பார்க்க நான் அங்கே நிற்கப்போவதில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. உன்மேல் கோபம் இருந்தாலும், நீ நோய்நொடியில்லாமல் நீடூழி வாழவேணுமென்று வாழ்த்துகிற,

உன் மாமா,
க. நவரத்தினம்
(ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

பி.கு.: ஞாயிறு பின்னேரம். மேலே உள்ளதையெல்லாம் ஆரணி அனுப்பிப்போட்டாளாம், இனி அழிக்க ஏலாது. இதைக் கட்டாயம் வாசி.

மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். ஹிராமட்சு! லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாம் மாடிக்கு வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்திருக்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, உன் மாமியை முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் நின்றேன். அவர் உள்ளே வந்து, பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு தாளை எடுத்தார். நான் ஒட்டின பெறுபேறு. கழற்றினது அவர்தான். பிறகு நின்றபடியே, எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை இங்கிலீஷில் சொன்னார். பிழைகளை விட்டுவிட்டுக் கருத்தை எழுதுகிறேன்:

"என் ஆட்கள் எனக்காக ஊமையாகிறார்கள். கதையுங்கள் என்று கட்டளை போட்டேன். ஓம் என்றார்கள், கதைக்கவில்லை. நான் ஏறினால்தான் அவர்களும் ஏறுவார்கள். இருபத்திநாலாம் தேதிக்கு முன் என்னைக் கெதியாக ஏற்றிவிடுங்கள். இருபது வருசமாக என் பிழையை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நீங்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினீர்கள். நன்றி."

அவரைக் கையைப் பிடித்து இருத்தினேன் ராகுலன். எத்தனை பிள்ளைகளின் பேரைக் கடைசியில் எழுதி ஒட்டியிருப்பேன்! என்னைத் தூரத்தில் கண்டாலே ரோட்டுக்கு மற்றப் பக்கம் மாறினவர்கள்தான் அதிகம். நன்றி சொல்ல வீடு தேடி வந்த முதல் ஆள் இவர்தான்.

நாளையிலிருந்து காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் அவருக்குத் தனி வகுப்பு. மாமி இப்போதே தேத்தண்ணிக்கு இஞ்சி இடித்து வைத்துவிட்டாள். நீ அந்த விலகல் கடிதத்தைக் கொடுத்திருந்தால், டைரக்டரின் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கு. இந்த மனிசன் பாசாகும் வரைக்கும் எனக்கு விலகவும் ஏலாது, சாகவும் ஏலாது.