மானுக்கும் புலிக்கும் ஒரே பேட்டரி

ஒரு காட்டில் பேட்டரிக் கடை ஒன்று இருந்தது. காட்டில் எதுக்குய்யா பேட்டரிக் கடை என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கணும். அது புலி இருக்கிற காடு. புலி இருந்தால் மான் இருக்கும். மான் இருந்தால் இந்தக் காலத்தில் பெட்டி இருக்கும். பெட்டி இருந்தால் பேட்டரி தீரும். வேறென்ன?

பெட்டி என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நெல்லிக்காய் அளவுதான். காட்டை நிர்வாகம் பண்ணுகிறவர்கள் புலிக்கு மயக்க ஊசி போட்டு, அவர் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். (புலியை அவன் இவன் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?) மான்களுக்கு வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். பட்டை கட்டிய புலி கிட்டத்தில் வந்தால் பெட்டி கீ கீ என்று கத்தும். மான் ஓடவேண்டியது. இதுதான் ஏற்பாடு.

அதுவரைக்கும் மூக்கை நம்பிப் பிழைத்த கூட்டம், ஒரே மழைக்காலத்தில் மூக்கை மறந்துவிட்டது. மறந்தால்கூடப் பரவாயில்லை. மான்கள் நலச் சங்கம் கூடி, பெட்டி கத்தாமல் எவராவது "புலி வாசனை வருது" என்று சொன்னால் அது வதந்தி, அப்படிச் சொல்கிறவரோடு யாரும் சேர்ந்து மேயக்கூடாது என்று தீர்மானமே போட்டுவிட்டது. அப்படி ஒரு மானைத் தள்ளியும் வைத்தார்கள். அது தனியாக மேய்ந்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் பேசுவதில்லை.

அந்தக் கூட்டத்தில் பூங்காவனம் என்று ஒரு புள்ளிமான். குட்டி போட்டு வாரம்கூட ஆகவில்லை. குட்டிக்கு நிற்க வந்துவிட்டது, ஓட இப்போதுதான் பழகுகிறது. இந்த நேரம் பார்த்தா பெட்டி உயிரை விடவேண்டும்? பாவம், அவள் கண்ணை மூடித் தூங்கவே இல்லை. காலையில் கடைக்கு எதிரே புல்வெளியில் கூட்டத்தோடு மேய்ந்துகொண்டிருந்த மாமியாரிடம் குட்டியை விட்டாள். மாமியார் தனிக்குடித்தனம், அதனால் தனிப் பெட்டி. "இப்ப வந்துர்றேன் அத்தே" என்று சொல்லிவிட்டுக் கடையேறினாள்.

கடைக்காரர் கரடி, பெயர் கதிரேசன். பேட்டரி விற்கிற தொழிலுக்கு அவ்வளவு தடித்த கையைக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை. பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே இருந்த பட்டன் செல்லை உள்ளங்கையில் கொட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது இருபது முப்பத்திரண்டாம் நம்பருங்க அம்மணி. கடையில அது தீரப்போகுது. இருபது இருபத்தஞ்சு தரட்டுங்களா? தட்டு நிறையக் கெடக்குது."

"ரெண்டும் ஒண்ணாங்க அண்ணா?"

"முதல் இருபது அகலம். அது ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க. பின்னாடி நம்பர் கனம். இது துளி மெலிசு. வெள்ளிக் காகிதத்தை மடிச்சு அடியில வெச்சா சும்மா கிண்ணுன்னு நிக்கும்."

பூங்காவனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் காகிதம் மடிச்சு வெச்சுக் குடுத்தீங்க. நடக்கையில நின்னுச்சு. ஓடறப்பக் கழண்டு போச்சு."

"அடடா. இப்ப அவங்க எங்கிருக்காங்க?"

"இப்ப இல்லீங்க."

கரடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருபது முப்பத்திரண்டைத் தேடப் போனார். டப்பா டப்பாவாகக் கவிழ்த்தார். கடைசியில் ஒரே ஒரு அட்டை கிடைத்தது. அதில் ஒரே ஒரு செல். அடுத்த லோடு வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு வாசனை வந்தது. எந்த மானுக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத வாசனை. முதுகு மயிர் குத்திட்டு நின்றது, நான்கு காலும் தானாக ஓடப் பார்த்தன. ஆனால் சங்கத் தீர்மானம் ஞாபகம் வந்தது. புல்வெளியில் ஒரு பெட்டியும் கத்தவில்லையே, நாமாக எதையாவது கிளப்பிவிடக் கூடாது என்று காலை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

புலி நின்றிருந்தார். பெயர் துரைசிங்கம். ஆள் இளைத்துப் போயிருந்தார்.

"வரிசை இதுதானுங்களா?" என்று கேட்டார்.

கடைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. வரிசையில் நிற்கும்போது யாரும் யாரையும் தின்னக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. துரைசிங்கம் அதைப் படித்துவிட்டு மரியாதையாக ஓரடி தள்ளி நின்றார். எதிரே புல்வெளியில் கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. புலியைப் பார்த்தார்கள். பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டி சும்மா இருந்தது. குனிந்து மேய ஆரம்பித்தார்கள்.

"கழுத்துப் பட்டையில பேட்டரி போயிருச்சுங்க" என்றார் துரைசிங்கம். "இருபது முப்பத்திரண்டு. மெலிசெல்லாம் வேண்டாம், ஆடும். பட்டை அணைஞ்சு கெடந்தா நான் ஊருக்குள்ள பூந்துட்டேன்னு நெனச்சுக் கூண்டுல ஏத்திருவாங்க. எங்க சித்தப்பாவை அப்படித்தான் ஏத்துனாங்க. இன்னிக்கு மிருகக்காட்சி சாலையில கொழந்தைங்களுக்குக் கொட்டாவி விட்டுக் காட்டிட்டு ஒக்காந்திருக்காரு."

"ஒண்ணுதானுங்க இருக்குது" என்றார் கரடி. "அம்மணி முன்னாடி வந்துட்டாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமையே வர்றேன்" என்று துரைசிங்கம் பெருமூச்சு விட்டார். விட்டவர் புல்வெளிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "பட்டை போட்டதிலிருந்து ஒரு வேளை நல்ல சாப்பாடு இல்லீங்க. கிட்டப் போனாலே எல்லாம் கத்தித் தொலைக்குது. இன்னிக்கு என்னமோ கத்தவே காணோம்."

அவர் பார்வை போன இடத்தில் மாமியார் நின்றாள். மாமியாரின் காலடியில் குட்டி.

பூங்காவனமும் அங்கேதான் பார்த்தாள். ஆனாலும் அவள் மூளை வேலை செய்தது, அதைச் சொல்லியே ஆகணும். பேட்டரியை நான் வாங்கினால் என் பெட்டிக்கு உயிர் வரும். வந்து என்ன புண்ணியம்? புலியின் பட்டை செத்துக் கிடக்கும்போது பெட்டி எதைப் பார்த்துக் கத்தும்? அதுவே புலி வாங்கிக்கொண்டால் பட்டை பேசும். பட்டை பேசினால் கூட்டத்தில் அத்தனை பெட்டியும் கத்தும். என் பெட்டி ஒன்றுதானே கத்தாது? கத்தாவிட்டால் போகட்டும், மற்றவர்கள் ஓடும்போது நானும் கூட ஓடினால் போச்சு. குட்டியும் தப்பிக்கும்.

இத்தனை தெளிவாக அவள் வாழ்நாளில் யோசித்ததே கிடையாது. அவளுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"அண்ணா, அதை அவருக்கே குடுத்துருங்க. நான் வெள்ளிக்கிழமை வாங்கிக்கறேன்."

துரைசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கச்சி, இந்தக் காட்டுல எனக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல. நீ பேட்டரியவே குடுக்கற."

"இருக்கட்டுங்க அண்ணா. மொதல்ல மாட்டிக்கங்க. இப்பவே மாட்டிக்கங்க" என்று அவசரப்படுத்தினாள் பூங்காவனம்.

கரடி அட்டையைக் கிழித்தார். செல்லை நடுவில் தொட்டால் கை ஈரம் படும், விளிம்பில்தான் பிடிக்கவேண்டும் என்று ஒரு பாடம் எடுத்துக்கொண்டே நடுவில் பிடித்தார். பட்டையின் மூடியைத் திறந்து செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. தலைகீழாகப் போட்டுவிட்டாராம். "கூட்டல் குறி மேல பாக்கணுமுங்க, எல்லாரும் பண்ற தப்புதான்" என்று சமாதானம் சொல்லிவிட்டுத் திருப்பிப் போட்டார். பட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

அவ்வளவுதான், புல்வெளி முழுக்கக் கீ கீ கீ! அத்தனை பெட்டியும் ஒரே நேரத்தில் கத்தின. கூட்டம் வாய்ப் புல்லைத் துப்பிவிட்டு நாலு கால் பாய்ச்சலில் கிளம்பியது. மாமியார் குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடினாள். குட்டி இரண்டு தடவை தடுக்கி, எழுந்து, பிறகு பிரமாதமாக ஓடியது. பூங்காவனம் அதைப் பார்த்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் குட்டி ஓடுதே, என் குட்டி ஓடுதே என்று மனசு துள்ளியது.

நாமும் ஓடவேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. புலியைவிட்டுத் தள்ளி நிற்கிறவர்களுக்கு அது அருமையான யோசனை. அவள் புலியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

புழுதி அடங்கியது. புல்வெளியில் ஓர் ஈ காக்காய் இல்லை. துரைசிங்கம் அதைப் பார்த்தார். அப்புறம் கரடியிடம் கேட்டார்.

"வேற ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா, வரிசை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கரடி உள்ளே திரும்பி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி" என்றார் துரைசிங்கம். அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "உன்னை மாதிரி ஒரு மனசை நான் கண்டதில்ல. ஆனா நீயே பாரு, இன்னிக்கு வேற யாருமே இல்ல."

நீதி: பட்டன் செல் வாங்கப் போகும்போது பழைய செல்லைக் கையோடு கொண்டுபோய் அதே நம்பரைப் பார்த்து வாங்கவும், மெலிசானதை வாங்கிக் காகிதம் மடித்துச் செருகக் கூடாது. மற்றதைப் புலி பார்த்துக்கொள்ளும்.