கெர்டாவின் பெஞ்சு

ஏழாம் எண் அறைக்கு இரண்டு தலையணை போடுவதா, ஒன்று போடுவதா என்று தெரியாமல் விடுதிக்காரி ரோஸ்விதா விரிப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

கீழே வரவேற்பறையில் எக்பெர்ட் தனியாக உட்கார்ந்திருந்தார். ஹாம்பர்க்கிலிருந்து கோடைதோறும் மலை ஏற வருகிறவர். நாற்பது வருடமாக அதே விடுதி, அதே அறை, பக்கத்தில் அதே கெர்டா. மனைவி இல்லாமல் அவர் இந்த வாசற்படியை மிதித்ததே கிடையாது. இன்று மிதித்திருந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

காலையில்தான் கசியான் வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தான். கசியான் குளிர்காலத்தில் தச்சன், கோடையில் ரோப் கார் ஓட்டுபவன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பாண்டு வாத்தியத்தில் பெரிய குழல் ஊதுபவன். ஊரில் ஆள் குறைச்சல், வேலை ஜாஸ்தி.

"அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். எக்பெர்ட் ஐயா போன் பண்ணி ஒரு பெஞ்சு செய்யச் சொன்னாரு. மேல, ரோப் கார் நிக்கிற இடத்துல போடணுமாம். 'என் கெர்டாவுக்கு'ன்னு பேர் பொறிக்கணுமாம். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு."

ரோஸ்விதா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் மலைப்பாதை பெஞ்சில் ஒருவர் பெயர் ஏறினால், ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். அவளுடைய கணவன் மத்தியாஸின் பெயரும் அப்படி ஒரு பெஞ்சில்தான் இருக்கிறது.

மத்தியாஸைப் பனிச்சரிவு கொண்டுபோன வருடம், என்ன பேசுவதென்று தெரியாமல் ஊரே அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனது. அவன் செத்ததைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. அந்தக் கோடையில் எக்பெர்ட்டும் கெர்டாவும் மட்டும் சமையலறைக்கே வந்து உட்கார்ந்து, அவளோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதார்கள். அந்த மனிதரைத் தனியாகத் தவிக்க விடக்கூடாது என்று அவள் உறுதியாக இருந்தாள்.

ஒரு தலையணை மட்டும் போட்டாள்.

எக்பெர்ட் மாடியேறி வந்தார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். துக்கம் ஆளை உருக்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ரோஸ்விதாம்மா, இன்னொரு தலையணை எங்க?"

"யாருக்கு ஐயா?"

"கெர்டாவுக்குத்தான். அவளுக்கு என்னமோ சின்ன வேலையாம். 'நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்'னு அனுப்பி வச்சிட்டா. ஞாயித்துக்கிழமை வந்துருவா."

ரோஸ்விதா தலையணையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்த் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாள். மனிதருக்குப் புத்தியே பேதலித்துவிட்டது! சந்தேகத்துக்கு ஹாம்பர்க் வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பதற்கு ஆள் இல்லை.

போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை விழா வேறு இருந்தது. ஆண்டுதோறும் ஊரை மறக்காமல் வரும் விருந்தாளிகளுக்கு மலை உச்சியில் பாண்டு முழங்க மேயர் பதக்கம் குத்துவார். இந்த முறை எக்பெர்ட் கெர்டா தம்பதிக்கு! கசியானிடம் ஓடினாள்.

"தம்பதின்னு கூப்பிட்டு ஒத்த ஆளா நிக்க வச்சா, அந்த மனுஷன் தாங்குவாராடா? நிறுத்துடா."

"நிறுத்த முடியாதுக்கா. மேயர் பேச்ச மனப்பாடம் பண்ணிட்டாரு."

"அப்ப பாண்டையாவது மெதுவா வாசிங்க."

"மெதுவா வாசிக்க எங்களுக்குத் தெரிஞ்சது சாவுப் பாட்டு மட்டும்தான்."

"அதையே வாசிங்க. ஆனா ஏன்னு யார்கிட்டயும் சொல்லாதே."

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நடந்துவிட்டுத் திரும்பிய எக்பெர்ட் குழம்பிப் போயிருந்தார்.

"இந்த வருஷம் ஊருக்கு என்னம்மா ஆச்சு? ரொட்டிக்கடை அம்மா கட்டிப்பிடிச்சு அழுறாங்க. நான் ரொட்டிதான் கேட்டேன். பாதிரியார் என் தலையில கை வச்சு ஜெபம் பண்றாரு. நான் அவர் சபையே கிடையாதே!"

"மனசுல அடைச்சு வைக்காதீங்க ஐயா. கெர்டாம்மாவ நினைச்சு வாய்விட்டு அழுதுடுங்க."

"கெர்டாவ நினைச்சா எதுக்கு அழணும்? அவ வர்றதுக்குள்ள உன் ஆப்பிள் அப்பத்த ஒரு துண்டு கூடத் தின்னுக்கலாமேன்னுதான் தோணுது."

அப்பத்தைப் பாதிக்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை. மீதியைப் பார்த்து ரோஸ்விதா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் வெயில் பளீரென்று அடித்தது. பாண்டுக்காரர்கள் தொப்பியில் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பூங்கொத்துக்குப் பதிலாக மேயர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். பெஞ்சு துணி போர்த்தித் தயாராக இருந்தது.

"பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிலுவையும் செதுக்கிட்டேன்கா" என்றான் கசியான். "அது என் செலவு."

சாவுப் பாட்டு தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து எக்பெர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்கள். ஒன்றும் புரியாமல் அவர்தான் எல்லாருடைய முதுகையும் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்தில் இந்த ஊர் அவர் மீது இவ்வளவு அன்பை வெளியே காட்டியதில்லை.

அப்போது ரோப் கார் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. தோளில் பையோடு கெர்டா இறங்கினாள்.

பெரிய குழல் பாதியில் நின்றது. கசியான் ஒரே தாவலில், துணி போர்த்திய பெஞ்சின் மேல் குழலோடு உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான், "ஹாம்பர்க்ல உயிரோட இருக்கறவங்களுக்கும் பெஞ்சு போடுவாங்களோ?"

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஓடிப்போய்க் கெர்டாவைக் கட்டிக்கொண்டாள். அசல் கெர்டா! இந்த முட்டாள்தனத்தையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, கசியானை நாலு சாத்து சாத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

கெர்டா சிரிக்கவில்லை. கறுப்பு ரிப்பன்களையும், அழுகிற கூட்டத்தையும், அதன் நடுவே முதுகு தட்டிக்கொண்டு நிற்கும் தன் கணவனையும் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ரோஸ்விதாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, ரோப் கார் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கெல்லாம் யார் சொன்னா ரோஸ்விதா? இவரோட ரிப்போர்ட்டப் பாத்துட்டு டாக்டர் வெள்ளிக்கிழமை என்கிட்ட மட்டும்தானே சொன்னாரு... இவருக்கே இன்னும் தெரியாதே!"