பிஸ்கட் என்னும் காட்டு விலங்கு

மனிதகுலம் காட்டு விலங்குகளுக்குச் செய்த பேருதவிகளில் தலையாயது, டெக்சஸ் மாநிலத்து மெஸ்கீட் பெண்ட் ஊரின் மான் பண்ணை அனுமதிக் குழு. அன்றைய அமர்வில் தலைவர் வெண்டெல் ஹ்ரூஸ்கா மேசையின் தலைப்பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார். கால்நடை மருத்துவர் ஓடிஸ் டார்ப் அவருக்கு வலப்புறம், இனிப்பு ரொட்டித் தட்டுக்கு வெகு அருகில். எதிரே விண்ணப்பதாரரான பண்ணை முதலாளி ராய்ஸ் கிம்ப்ரோ, தொப்பியை மடியில் வைத்தபடி. கதவோரம் செயலாளர் வெர்னா.

விஷயம் இதுதான். ராய்ஸின் பண்ணையில் தாயில்லாத மான்குட்டி ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்து, 'பிஸ்கட்' என்று பெயரும் வைத்து வளர்த்தவள் வெர்னா. இப்போது அதன் கொம்பு சாய்வு நாற்காலி அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதைச் சுட்டுத் தலையைச் சுவரில் மாட்ட ராய்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு ஹூஸ்டனிலிருந்து ஒரு 'வேட்டைக்காரர்' வருகிறார். சட்டமோ கருணை மிக்கது: வளர்ப்புப் பிராணியைச் சுட்டால் கொடுமை, காட்டு விலங்கைச் சுட்டால் விளையாட்டு. ஆகவே பிஸ்கட் காட்டு விலங்குதான் என்று குழு சான்றளிக்க வேண்டும்.

அதைத் தடுக்க வெர்னாவுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. கைப்பையிலிருந்து சோள டப்பாவை எடுத்து ஆட்டினாள். பார்வைக்காக முற்றத்தில் கொண்டுவந்து விட்டிருந்த பிஸ்கட் படியேறி, கொம்பைச் சாய்த்துக் கதவுக்குள் நுழைந்து, அவள் தோளில் மோவாயை வைத்தது. பிறகு டாக்டரின் ரொட்டியைத் தின்றது.

"பாத்தீங்களா தலைவரே, இதுவா காட்டு மிருகம்?"

டாக்டர் காலித் தட்டைப் பார்த்தார். "பின்னே? கேக்காம கொள்ளாம பறிச்சுத் திங்குது. சுத்தமான காட்டுக் குணம்."

"என் கைய நக்குதே."

"ருசி பாக்குதும்மா," என்றார் ராய்ஸ். "ஜாக்கிரதையா இரு."

"பேர் சொன்னா திரும்பிப் பாக்குது தலைவரே."

"எச்சரிக்கை உணர்வு," என்றார் வெண்டெல். "அதையும் எழுதிக்க."

"அட, அந்த ஆளு டப்பாவை ஆட்டினாக்கூட ஓடி வரும் இது. நின்ன இடத்துலயே சுட்டுடலாம். அதுக்குப் பேரு வேட்டையா?"

"அவருக்கு முட்டிவலி, பாவம்," என்றார் ராய்ஸ். "ரொம்ப நடக்க முடியாது. அந்த டப்பாவை வேட்டை அன்னிக்கு மட்டும் குடுத்துடேன். பழகின சத்தம் பாரு."

வெர்னா டப்பாவைச் சட்டென்று கைப்பைக்குள் திணித்தாள். செயலாளருக்கு ஓட்டு இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைநகரிலுள்ள வனவிலங்குத் துறைக்கான சான்றுக் கடிதத்தைத் தலைவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மடித்து உறையிலும் போட்டாள். ஆனால் ஒட்டவில்லை.

"இதை நக்கி ஒட்ட என் நாக்கு வராது. நீங்களே ஒட்டிக்குங்க." உறையைத் தலைவரிடம் நீட்டினாள்.

அவள் கையில் இருப்பதெல்லாம் தீனி என்றே நம்பி வளர்ந்தது பிஸ்கட். தலைவரின் கை எட்டும் முன் கழுத்தை நீட்டி, உறையின் பசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அக்கறையாக நக்கியது.

வெண்டெல் நெகிழ்ந்துபோனார். உறையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். பின்புறத்தில் தன் கைப்பட 'விலங்கின் ஒப்புதலும் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, வாசலில் வந்து நின்ற தபால் வண்டியில் சேர்த்தார்.