திரும்பி வந்த இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

லட்லோ,
9 நவம்பர் 1909

பேரகராதி ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

எடைக்கல் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற செப்டிமஸ் பௌட்ரி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாகவே இருப்பீர்கள். இருக்காமல் என்ன, நாசமானது என் வீடுதானே.

ஆறு வருடங்களுக்கு முன் தாங்கள் பத்திரிகையில் அகராதி வார்த்தைகளுக்கு எடுத்துக்காட்டு திரட்டத் தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டதும், ‘செட்’ என்கிற அந்த ஆங்கிலச் சனியனை என் தலையில் கட்டியதும் நினைவிருக்கலாம். சின்ன வார்த்தைதானே என்று நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சூரியன் மறைந்தாலும் செட், எலும்பு கூடினாலும் செட், மேசையில் தட்டு வைத்தாலும் செட், பழக்கூழ் உறைந்தாலும் செட், எலிப்பொறி வைத்தாலும் செட், கோழி அடைகாத்தாலும் செட், நாயை ஏவிவிட்டாலும் செட்! அரைத்தாள் சீட்டின் மூலையில் வார்த்தை, கீழே வாக்கியம், யார் சொன்னது, என்ன தேதி என்று தாங்கள் சொன்ன முறைப்படியே எழுதினேன். புத்தகங்களைப் புரட்டி நூறு அர்த்தம் தேற்றினேன். அதற்குமேல் எங்கே போவது? வீட்டிலேயே ஓர் ஊற்று இருந்தது. என் மனைவி ஹெஸ்டர் பேசப் பேச நான் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை கொஞ்சம் பொறு என்பேனே தவிர, ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை.

தாங்கள் என்ன செய்தீர்கள்? சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி, அவள் பேச்செல்லாம் அடங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளின் கட்டை அப்படியே திருப்பி அனுப்பினீர்கள். ‘அச்சில் வந்தது மட்டுமே ஏற்கப்படும், வீட்டுப் பேச்சு செல்லாது’ என்று ஒரே ஒரு வரி. நான் வாசகசாலைக்குப் போயிருந்தேன். கட்டைப் பிரித்தவள் ஹெஸ்டர். நான் திரும்பியபோது சமையலறை மேசையில் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். கடைசியில் இவளுக்கும் வேலையில் ஆர்வம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

“உட்காருங்க, படிக்கிறேன்,” என்றாள். “மார்ச் நாலு. ‘மேசையை செட் பண்ணி ஒரு மணி நேரமாச்சு, சாப்பிட வாங்களேன்.’ வந்தீங்களா? மார்ச் இருபது. ‘டாக்டர் கட்டின மணிக்கட்டு சரியா செட் ஆகலைங்க, திரும்பக் கூப்பிடுங்க.’ கூப்பிட்டீங்களா? மே ரெண்டு. ‘எலும்பு கோணலாவே செட் ஆயிடுச்சு.’ இதுக்குக் கீழே என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? ‘அருமையான எடுத்துக்காட்டு’!”

“அருமைதானே ஹெஸ்டர்,” என்றேன். வாயில் வந்துவிட்டது.

கையைத் தூக்கிக் காட்டினாள். கோணல்தான் ஐயா. அத்தனை மாதமும் நான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை, சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஷ்ரூஸ்பரியிலிருந்து அவள் அக்கா மார்த்தா வண்டியோடு வந்து இறங்கினாள். “கட்டினவகிட்ட பேச ஒரு வார்த்தை கிடையாது, உலகத்து வார்த்தையெல்லாம் இவருக்கு வேணுமாம்! நீ ஏறுடி,” என்றாள்.

“எப்ப வருவே?” என்று ஹெஸ்டரைக் கேட்டேன்.

“ஏங்க, எழுதிக்கணுமா?” என்றாள். வண்டி போய்விட்டது.

ஆகவே ஐயா, இனி என்னிடமிருந்து ஒரு சீட்டுகூட வராது. அந்த வார்த்தையை வேறு எவன் தலையிலாவது கட்டுங்கள். கல்யாணமாகாதவனாகப் பார்த்துக் கட்டுங்கள். நாளைக் காலை முதல் ரயிலில் ஷ்ரூஸ்பரி போகிறேன். பேனா இல்லாமல் போய், அவள் சொல்வதையெல்லாம் கேட்டு, காலில் விழுந்தாவது அழைத்துவரப் போகிறேன். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். இந்நேரம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கக்கூடும், கொஞ்சம் காது கொடுங்கள்.

தங்கள் முன்னாள் தொண்டன்,
செ. பௌட்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் ஷ்ரூஸ்பரி வாரப் பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு விளம்பரம்: ‘திருமதி ஹெஸ்டர் பௌட்ரி தம் சகோதரியுடன் தையற்கடை செட் அப் செய்துள்ளார். மனம் உறுதியாக செட் ஆகிவிட்டபடியால் கணவர் அழைக்க வரவேண்டியதில்லை.’ இரண்டு முறை படித்தேன். அழுதேன். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தேன். தேதியும் பக்க எண்ணும் குறித்து இரண்டு சீட்டுகள் இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சில் வந்திருக்கிறது ஐயா, இப்போது செல்லும்தானே?