பகடை உருட்ட ஓர் ஆள்

தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர். இன்னொருவர் வந்தால்தான் கணக்கே போடுவேன் என்று அடம்பிடித்த ஒரே மனிதர், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் இருந்த, நாங்கள் 'சூழல் அங்கிள்' என்று கூப்பிட்டவர்தான்.

தொலைத்தொடர்பு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைத் தேடி யாராவது வந்ததாக என் நாட்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. தபாலில் ஓர் அறிவியல் மாத இதழ் மட்டும் வரும். வெளிநாட்டில் இரண்டே பிட் கொண்ட குவாண்டம் கணினியைச் செய்துவிட்டார்கள் என்று 1998இல் அதில் படித்தார். அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்குச் சந்தேகமே இல்லை. எந்த அணுவும் தனியாக இல்லை. சூழல் அதைத் தொட்டுத் தொட்டுச் சக்தியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு பிட் அணு, இன்னொன்று சூழல். தொடவிட்டு, சூழல் பிட்டைத் துடைத்துப் புதிதாக்கி, மறுபடி தொடவிட வேண்டும். அந்த இயந்திரம் கோலாலம்பூர் வந்து சேரும்வரை பகடையால் ஒத்திகை.

ஆறு விழுந்தால் அணுவின் சக்தி போயிற்று, ஆட்டம் முடிந்தது. வேறு எண் என்றால் அங்கிள் பென்சிலால் ஐந்து நிமிடம் அணுவின் கணக்கில் திருத்தம் போடுவார்; பிறகு மறுபடி உருட்டல். இப்படி ஆயிரம் ஆட்டத்தின் சராசரியை எடுத்தால் அணு அடங்கும் விதம் ஒரு வளைகோடாகக் கிடைக்கும்.

ஆனால் பகடையை அவர் தொடமாட்டார். "நான் அணு பக்கம், தம்பி. சூழல் வெளியே இருந்துதான் வரணும்."

மாலை ஆறு மணிக்கு எங்கள் கதவைத் தட்டுவார். "இன்னிக்கு யாரு சூழல்?" ஓர் ஆளுக்கு ஓர் ஆட்டம், நாளுக்கு ஒன்றுதான். ஆயிரம் முடிய ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும் என்று சொன்னேன். அவருக்கு அவசரமில்லை. உருட்டியவருக்குப் பாலில்லாத தே ஓவும் பிஸ்கட்டும் உண்டு.

மீட்டர் பார்க்க வந்தவர் உருட்டினார். பழைய பேப்பர் எடுக்கும் லோரிக்காரச் சீனர் உருட்டி, விழுந்த எண்களோடு நேரே நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போனார். என் அறைத் தோழன் மணியத்தை மாப்பிள்ளை பார்க்க வந்த பெரியவருக்கு முக்கால் மணி நேரம் ஆறே விழவில்லை. கிளம்பும்போது மணியத்திடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, நாளைக்கும் வரலாமா என்பது.

விதியில் அங்கிள் கறார். பகடை கட்டிலுக்கு அடியில் ஓடினாலும் டார்ச்சோடு தவழ்ந்து போய் விழுந்த எண்ணைத்தான் குறிப்பார். மறு உருட்டல் என்ற பேச்சே கிடையாது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம் முடிந்த வாரம், சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்த மணியத்துக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அங்கே ஒரு கணினியையே பகடை உருட்டவைத்து, விடையைக் காகிதத்தில் அடித்துக் கொண்டுவந்தான்.

"அஞ்சு நிமிஷம்லா அங்கிள். பத்தாயிரம் ஆட்டம் போட்டுட்டேன்."

பிறந்தநாள் பரிசு கொடுத்தவர்கள்போல நாங்கள் இருவரும் நின்றோம். அங்கிள் தன் பென்சில் கோட்டை அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"சரியா வந்திருக்கு. ரொம்ப நன்றி தம்பி," என்றார். பகடையைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க என் நாட்குறிப்பில் ஒரே வரிதான்: அங்கிள் வரவில்லை. பின்னறையில் ரேடியோ மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் போய்த் தட்டினேன்.

"அங்கிள், எனக்கு ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் தனக்குள்ளேயேதானே உருட்டிக்கிச்சு? வெளியே இருந்து யாரும் வரலையே?"

ரேடியோவை அணைத்தார். எனக்கு இந்த இயற்பியல் ஒன்றும் புரியாது என்பது அவருக்குத் தெரியும்.

"மணியம் தம்பி வருத்தப்படுவாரே."

"அவன் அடுத்த ஆட்டத்துக்கு வெளியே நிக்கிறான்."

டின்னைத் திறந்தார். இருநூற்றுப் பதிமூன்றாவது ஆட்டம். என் முதல் உருட்டலிலேயே ஆறு விழுந்தது.

அங்கிள் பென்சிலை எடுக்கவில்லை. "கை வழுக்கிருச்சு போல," என்றார். "மறுபடி உருட்டுங்க, தம்பி."