விண்வெளியில் ஹோர்ன் அடித்தவர்

மனிதகுல வரலாற்றிலேயே விண்வெளியில் ஹோர்ன் அடித்த முதல் ஆள் பதுளை மாவட்டத்துக்காரர். இதை யாரும் மறுக்க முடியாது. மறுப்பவர்கள், பதுளையில் நான் வேலை பார்த்த கம்பியூட்டர் கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். அவர் உட்கார்ந்த நாற்காலி இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. வளைவு வரும்போதெல்லாம் அவர் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து அதன் கால் வளைந்துபோனது. விண்வெளியில் ஏது வளைவு என்று கேட்காதீர்கள். அவர் போகிற இடத்தில் வளைவு இருக்கும்.

அவருக்கும் அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்திருக்கும். நமக்கு அவர் ‘ஹோர்ன் அண்ணன்’. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். வளைவில் ஹோர்ன் அடிப்பது மலைநாட்டில் எல்லா டிரைவரும் செய்கிற காரியம். இவர் வளைவுக்கு முன்னால் ஒன்று, வளைவில் ஒன்று, தாண்டிய பிறகு வளைவுக்கு நன்றி சொல்லி ஒன்று அடிப்பார். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்தே லொறி எங்கே வருகிறது என்று கணித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்குவார்களாம்.

அப்படிப்பட்டவர் ஒரு மழைநாளில், பனிமூட்டத்தில், லொறியைச் சறுக்கவிட்டார். பின்சக்கரம் பாதையை விட்டு வெளியே தொங்கியது. ஒரு மரம் தாங்கிப் பிடித்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் இறங்கினார், முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார், லயத்து வீட்டுக்கு நடந்தே போனார். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இதெல்லாம் எனக்கு அவருடைய மனைவி சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கடைக்கு வந்தார்கள். அவர் நேராக என்னிடம் வந்து, “தம்பி, ஆகாசத்துல கப்பல் ஓட்டுற வெளையாட்டு ஒன்னு போன்ல பாத்தேன். அதுக்குக் கையில புடிக்க ஒரு கம்பு இருக்காமே. எடுங்க, பாப்போம்” என்றார்.

நான் ஜொய்ஸ்டிக் பெட்டிகளை இறக்கினேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அக்கா என் பக்கமாக வந்து மெல்லிய குரலில் சொன்னார்:

“சோத்துத் தட்ட புடிச்சா கை நடுங்கலங்க தம்பி. மண்வெட்டி புடிச்சா நடுங்கல. லொறிச் சாவிய எடுத்தாத்தான் நடுங்குது. இப்ப பாக்டரியில கூட்டிப் பெருக்குறாரு. சீசனுக்கு முன்னாடி லொறிய எடுக்கலைன்னா, இப்ப ஓட்டுற பையனையே வச்சுக்கிருவேன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு.”

“அதுக்கு ஏன் அக்கா ஆகாசம்?”

“அங்க பள்ளம் இல்லையாம்.”

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடையில் எல்லோரும் பரிசோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு கம்பியூட்டர் இருந்தது. ஞாயிறுதோறும் அது ஹோர்ன் அண்ணனுடையதானது.

விண்கலம் ஓட்ட எந்தக் கருவி நல்லது என்று உலகம் முழுக்க இளைஞர்கள் சண்டை போடுகிறார்கள். ஹோர்ன் அண்ணன் அந்தச் சண்டையை ஒரே ஆளாக, எங்கள் கடையிலேயே போட்டு முடித்தார். கீபோர்டை முதல் பார்வையிலேயே ஒதுக்கினார். “இது டைப்பிஸ்ட் வேல.” அடுத்து, பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கேம்பேட். அதைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு, “கட்ட வெரல்ல ஓட்டுற வண்டிக்குக் கட்ட வெரல் அளவுதான் மரியாத” என்று திருப்பித் தந்தார்.

ஒற்றைக் கம்பு ஜொய்ஸ்டிக்கைப் பிடித்ததும் முகம் மலர்ந்தது. “இது கியர்” என்றார்.

“கியர் இல்ல அண்ணே. முன்னால தள்ளுனா மூக்கு கீழ போகும். பக்கத்துல சாச்சா கப்பல் அந்தப் பக்கம் பொரளும். முறுக்குனா திரும்பும்.”

“வெளங்குது, வெளங்குது” என்றவர், கலம் மேலெழும்பியதும் பழக்கதோஷத்தில் பர்ஸ்ட் கியர் போட்டார். கம்பு இடப்பக்கம் சாய்ந்து முன்னே போனது. கலம் இடதுபுறம் புரண்டு, தலைகீழாக, கிளம்பிய மேடையிலேயே குத்தி வெடித்தது. அவர் நிதானமாக என் பக்கம் திரும்பி, “கிளச் இல்லாம கியர் போட்டா இப்படித்தான் ஆகும். கிளச் எங்க?” என்று கேட்டார்.

முதலாளி பொறுமைசாலி. பஜாரில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். அவரே கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “மகன், இவர் சாமான் வாங்க வந்தவரா, குந்த வந்தவரா?” என்று கேட்டார். ஆனாலும் கொழும்பிலிருந்து, வேகத்துக்கு ஒரு கம்பும் திசைக்கு ஒரு கம்புமாக இரட்டைக் கருவி ஒன்றை வரவழைத்தார். கை அசைவை நுணுக்கமாகப் பிடிக்கும் நல்ல சாமான். ஹோர்ன் அண்ணன் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கவலையானார்.

“ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. ஹோர்ன எதால அடிக்கிறது?”

“விண்வெளியில ஹோர்ன் கெடையாது அண்ணே. காத்தே இல்ல. சத்தம் கேக்காது.”

“கேக்குறது அவன் பாடு. அடிக்கிறது நம்ம கடம.”

என்ன செய்வது? அந்த விளையாட்டை இன்டர்நெட்டில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடுவார்கள்; பக்கத்தில் வருபவர்களோடு பேசலாம். ஒரு கொழுந்து லொறியின் ஹோர்னைப் போனில் பதிவுசெய்து, அந்தப் பேச்சு வழியில் ஒலிக்கும்படி செய்தேன். பொத்தான்தான் பற்றாக்குறை. சுடுவதற்கான விசையையே ஹோர்னுக்குக் கொடுத்துவிட்டேன். ஆயுதமில்லாத, ஹோர்ன் மட்டுமுள்ள ஒரே விண்கலம் அப்படித்தான் புறப்பட்டது. ஒருநாள் நடுவழியில் ஒரு கொள்ளைக்காரக் கலம் குறுக்கே வந்தது. இவர் ஹோர்ன் அடித்தார். அவன் சுட்டான். இவர் இன்னும் கொஞ்சம் நீளமாக அடித்தார். அவன் இன்னும் கொஞ்சம் நீளமாகச் சுட்டான்.

அவர் ஏற்றியதெல்லாம் சரக்குதான். இரும்புத் தாதை ஏற்றிக்கொண்டு, “தேங்கி நின்னா சூடாகிரும்” என்று பறப்பார். மூட்டைக்குள் அமுங்கிய பச்சைக் கொழுந்து சூடாகும், இரும்பு சூடாகாது என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சரிவான ஒரு கிரகத்தில் இறங்கினால், கலத்தை விட்டு நகரமாட்டார். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க அந்தக் கிரகத்தில் கல் எடுக்க வழியில்லையாம்.

உச்சக்கட்டம், விண்வெளி நிலையத்தின் வாசலில் நடந்தது. நிலையத்துக்குள் போகவும் வரவும் ஒரே ஓர் இடுக்கான வாய். ஹோர்ன் அண்ணன் வாயருகே போய்க் கலத்தை நிறுத்திவிட்டார். உள்ளிருந்து ஒன்று வந்தது. வழிவிட்டார். இன்னொன்று வந்தது. வழிவிட்டார். வந்துகொண்டே இருந்தன. இவருக்குப் பின்னால் பல நாட்டுக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கின.

“ஏன் அண்ணே போகல?”

“ஏறி வாறவனுக்கு எறங்குறவன் வழி விடணும் தம்பி. மலையில அதான் சட்டம்.”

“இங்க ஏத்தம், எறக்கம் எது அண்ணே?”

“நான் எறங்குறேன்ல. அப்ப அவன் ஏறுறான்.”

திரையின் ஓரத்தில் பின்னால் நின்றவர்கள் எழுதிய வசவுகள் மளமளவென்று ஓடின. “என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். “சொகமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க” என்றேன். “நல்ல மனுசங்க” என்று ஒரு ஹோர்ன் அடித்தார்.

கடைசியில் வழி கிடைத்தது. அப்போதுதான் நான் அவர் கையைப் பார்த்தேன். திறந்தவெளியில் அசையாமல் இருந்த கை, அந்த இடுக்கான வாய்க்குள் நுழையும்போது ஆடத் தொடங்கியது. கை ஆட, கலமும் ஆடியது. சுவரில் உரசி நொறுங்கியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அதே இடம், அதே சுவர். சிரிப்பதற்காகவே கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள்கூட மெல்ல நழுவிவிட்டார்கள்.

“அண்ணே, இதுல ஒரு செட்டிங் இருக்கு. கையோட சின்னச் சின்ன அசைவ கம்பியூட்டர் கணக்குல எடுக்காது. போட்டு விடவா?”

கம்பை விட்டுக் கையை எடுத்தார். “அது கம்பியூட்டருக்குத் தெரியாம மறைக்கிறது. எனக்குத் தெரியும்ல. வேணாங்க” என்றார்.

பிறகு, இத்தனை நாளும் முதுகு காட்டியே உட்கார்ந்திருந்த அலுமாரியின் பக்கம் திரும்பினார். மேல்தட்டில், விற்காமல் தூசி பிடித்து ஒரு ஸ்டியரிங் வீல் கிடந்தது. கார்ப் பந்தய விளையாட்டுக்கானது.

“அத எறக்குங்க.”

“அது கார் ஓட்டுறதுக்கு அண்ணே. ஆகாசத்துக்குச் சரிவராது. மேல, கீழ போக அதுல வழி இல்ல.”

“எனக்கு வழி இருக்கு. நீங்க எறக்குங்க.”

மேசையில் பூட்டிக் கொடுத்தேன். அவர் கையை வைத்தார். கை பதறியது. எடுத்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடி வைத்தார். கம்பியூட்டரை நான் இன்னும் போடவே இல்லை.

முதலாளி கேட்டார்: “இன்னும் கரண்டே குடுக்கல்ல. என்னத்த ஓட்டுறாரு?”

“புடிச்சுப் பாக்குறாரு முதலாளி.”

முதலாளி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து ஹோட்டலுக்குக் குரல் கொடுத்து ஒரு பிளேன்டீ வரவழைத்தார். “வீல் அங்கேயே ஈக்கட்டும் மகன். அத யாருக்கும் விக்காதீங்க” என்றார்.

விண்கலத்தை ஸ்டியரிங்கால் ஓட்டுவது, பாயசத்தை முள்ளுக்கரண்டியால் குடிப்பது மாதிரி. அறிவுள்ளவன் எவனும் செய்யமாட்டான். வீலுக்குப் பின்னால் இருந்த இரண்டு விசைகளில் ஒன்றை மேலே போகவும் ஒன்றைக் கீழே இறங்கவும் அமைத்துக் கொடுத்தேன். கூடவே வந்த கால் மிதிகளில் வேகமும் பிரேக்கும். கலம் நொண்டி மாடு மாதிரி போனது. திறந்தவெளியிலேயே இப்போது கை ஆடியது. ஆனாலும் அவர் விடவில்லை. கலத்தை எத்தனை முறை உடைத்தார் என்று சொன்னால், விண்வெளியையே துப்புரவு செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கோணல் வண்டியோடு, மழை ஓய்ந்த ஒரு மத்தியானத்தில், நிலையத்தின் வாய்க்குள் உரசாமல் நுழைந்து மேடையில் இறக்கினார். நான் கைதட்டினேன். முதலாளியும் தட்டினார். ஹோர்ன் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்குத் தொரை லொறியக் குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு. பாக்டரியிலருந்து மேல மடுவம் வரைக்கும் ஓட்டிக் காட்டணும். பக்கத்துல ஒரு ஆளு இருக்கணுமாம். நீங்க வாங்க தம்பி. என் கைய அதிகமாப் பாத்தது நீங்கதான்.”

போனேன். முதலாளி தானாகவே லீவு கொடுத்தார். லொறி, பாக்டரியிலிருந்து ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மூன்று ஹோர்ன். எனக்குக் காது அடைத்தது, மனசு குளிர்ந்தது. பிறகு ஓர் இடத்தில் லொறி நின்றது. பாதையோரத்தில் பட்டை உரிந்த ஒரு மரம் நின்றதைப் பார்த்துத்தான் அது எந்த இடம் என்று எனக்குப் புரிந்தது. அவர் கை இரண்டும் ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தன. கீழே பள்ளம். நிஜப் பள்ளம்.

மேலே மலையில் பெண்கள் நிரையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையும் நின்றுவிட்டது. வழக்கமாக ஒரு நொடி சும்மா நின்றாலும் சத்தம் போடும் கங்காணிகூட வாயைத் திறக்கவில்லை. இறங்கிவிடலாம் அண்ணே என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு டாஷ்போர்டைப் பார்த்தார்.

“கை நடுங்குது தம்பி” என்றார். “வண்டி நடுங்கல.”

லொறி நகர்ந்தது.

மடுவத்தில் அவர் மனைவி நின்றார்.  வெறும் லொறிதான் திரும்பிப் போக வேண்டும் என்பது தொரையின் ஏற்பாடு. ஆனால் அந்த அக்கா எடை நிறுத்து முடித்த ஒரு கொழுந்துச் சாக்கைத் தூக்கி, தன் கையாலேயே லொறியில் போட்டார். மற்றப் பெண்களும் போட்டார்கள். ஏற்றி முடித்ததும் அந்த அக்கா டிரைவர் பக்கக் கதவண்டை வந்து, “பாத்துப் போங்க. இதுல என் கொழுந்தும் இருக்கு” என்றார். ஹோர்ன் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். 

இறங்கும் வழியில், பதுளைக்குப் போகும் என் பஸ் சந்தியில் புறப்படத் தயாராக நின்றது. “எறங்கிக்கிறீங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்று பாக்டரி வரைக்கும் அவரோடேயே போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.